நியமன ஆணைக்கு மறுநாள்



கொடைக்கானல் மலையேறி வந்திருக்கும் அரசு அலுவலர்களே, தொண்டு நிறுவனத் தோழர்களே, விடுதியும் தோட்டமும் கடையும் நடத்துகிறவர்களே, ஊராட்சிப் பொறுப்பில் இருப்பவர்களே, என் பேச்சைச் சைகைமொழி பெயர்ப்பாளரின் கைகளில் பார்த்துக்கொண்டிருக்கும் முன்வரிசை நண்பர்களே, சக்கர நாற்காலியில் வந்தவர்களை இந்த மண்டபத்து வாசற்படிகளில் நாலு பேர் சேர்ந்து தூக்கித்தான் ஏற்ற வேண்டியிருந்தது. மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். கூடிய இடத்தில் ஒரு சாய்தளம் இல்லை. குறையாகவே சொல்கிறேன். கொஞ்சம் செங்கல்லும் சிமெண்டும் போதும். அடுத்த கூட்டத்துக்குள் கட்டிவிடலாம்.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு, "மாற்றுத்திறனாளிகளின் வேலைவாய்ப்பில் நிறுவனங்களின் கூட்டு முயற்சி". அழைப்பிதழில் இரண்டு வரி பிடித்த தலைப்பு. நான் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்கிறேன். ஒருவருக்கு நியமன ஆணை கைக்கு வந்த மறுநாள், அவருக்குப் பொறுப்பு யார்?

ஆணை வரும்வரை பொறுப்பேற்க ஆள் இருக்கிறது. சான்றிதழ் தர மருத்துவர் இருக்கிறார். அட்டை தர அலுவலகம் இருக்கிறது. பயிற்சி தர மையம் இருக்கிறது. முகாம் நடத்தித் தேர்வு செய்ய ஆட்கள் இருக்கிறார்கள். ஆணையைக் கொடுக்கும்போது படம் எடுக்கவும் ஆள் இருக்கிறது. படம் எடுத்து முடிந்ததும் எல்லோரும் வண்டியேறிவிடுகிறார்கள். அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கற்பனைதான், ஆனால் உங்களில் பலருக்கு இவளைத் தெரியும். மன்னவனூர்க்காரி. வயது இருபத்திரண்டு. பிறவியிலேயே காது கேட்காது. பத்தாவது முடித்திருக்கிறாள். வீட்டில் பூண்டுக் காடு. அம்மா, அப்பா, தம்பி. இவளுக்கு வேலைக்குப் போக ஆசை.

முதலில் சான்றிதழ். மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். அங்கே அன்றைக்குச் செவித்திறன் பரிசோதனைக்கு வழியில்லை என்றால் திண்டுக்கல்லுக்குப் போகச் சொல்வார்கள். வத்தலக்குண்டு வழியாக மலையிறங்கி, நூறு கிலோமீட்டர் அளவில் இன்னொரு பயணம். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் திண்டுக்கல்லில்தான். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகு வீடு. கூடவே அம்மாவும் வர வேண்டும். அன்றைக்கு அம்மாவின் கூலி போச்சு. மருத்துவக் குழு கூடும் நாள் ஒன்று, அட்டைக்கு ஒரு நாள், பயிற்சிக்குப் பெயர் கொடுக்க ஒரு நாள், வேலைவாய்ப்பு முகாமுக்கு ஒரு நாள். எல்லாம் கடந்து, மலையிலேயே ஒரு விடுதியில் அறை பராமரிக்கும் வேலை கிடைத்துவிடுகிறது என்று வையுங்கள். கைதட்டலோடு ஆணை கொடுக்கிறார்கள்.

எட்டாம் நாள் இவள் வீட்டில் இருக்கிறாள். ஏன்?

மேற்பார்வையாளர் பின்னாலிருந்து கூப்பிட்டிருக்கிறார். இவள் திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டிருக்கிறார். திரும்பவில்லை. "இந்தப் பிள்ளைக்குத் திமிர்" என்று முடிவு செய்துவிட்டார். காது கேட்காது என்று அவருக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் காது கேட்காத ஒருவரை எப்படிக் கூப்பிடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை. எதிரே வந்து நில்லுங்கள், தோளைத் தொடுங்கள், விளக்கைப் போட்டு அணையுங்கள். இவ்வளவுதான். பத்து நிமிடப் பாடம். அந்தப் பத்து நிமிடம் எந்த அலுவலகத்தின் வேலைப் பட்டியலிலும் இல்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வீர்கள்? மருத்துவர் தம் வேலையைச் செய்தார். நல அலுவலகம் செய்தது. பயிற்சி மையம் செய்தது. விடுதிக்காரரும் மனசு வைத்து இடம் கொடுத்தார். ஆண்டறிக்கை எழுதும்போது இந்த ஒரே பெண்ணை நாலு இடத்தில் சாதனையாக எண்ணியிருப்பார்கள். இது எப்படியென்றால், கல்யாணப் பந்தியில் உப்பு வைத்தவர், ஊறுகாய் வைத்தவர், அப்பளம் போட்டவர் எல்லோரும் முறையாக வந்து போனார்கள். சோறு வைக்க மட்டும் ஆள் வரவில்லை. உட்கார்ந்தவர் இலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அன்பர்களே, சட்டம் போதாது என்று சொல்ல முடியுமா? 1995-இல் ஒரு சட்டம் வந்தது. ஏழு வகைக் குறைபாடுகளை ஏற்றுக்கொண்டது. அரசு வேலையில் மூன்று சதவீதம் ஒதுக்கியது. 2006-இல் ஐக்கிய நாடுகள் சபை உரிமை உடன்படிக்கை கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே இந்தியா அதை ஏற்றது. அதைத் தொடர்ந்து 2016-இல் புதிய உரிமைச் சட்டம் வந்தது. ஏழு வகை இருபத்தொன்றானது. மூன்று சதவீதம் நான்கானது. பார்வை, செவி, உடலியக்கம் என்பதோடு நிற்காமல் மன வளர்ச்சி, மனநோய், புற உலகச் சிந்தனைக் குறைபாடு உள்ளவர்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. நல்ல சட்டம். ஆனால் அரசு வேலைதான் எத்தனை பேருக்கு? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள்; தமிழ்நாட்டில் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். நாட்டளவில் அவர்களில் ஏதாவது வேலையில் இருந்தவர்கள் நூற்றுக்கு 36 பேர்தான். பெண்களை மட்டும் எடுத்தால் நூற்றுக்கு 23. மற்றவர்கள் எங்கே? வீட்டுத் திண்ணையில், அடுப்படியில், தறிக்குப் பின்னால், ஆட்டுப்பட்டியில். வேலை செய்யாமல் இல்லை. சம்பளம் இல்லாமல் இருக்கிறார்கள்.

தனியாருக்கும் சலுகை அறிவித்தார்கள். 2008 ஏப்ரல் முதல், மாற்றுத்திறனாளியை வேலைக்கு வைத்தால் முதல் மூன்று ஆண்டுக்கு முதலாளி கட்ட வேண்டிய வைப்புநிதிப் பங்கையும் ஈ.எஸ்.ஐ. பங்கையும் மத்திய அரசே கட்டும் என்றார்கள். நல்ல திட்டம்தானே? பயன்படுத்தியவர்கள் மிகக் குறைவு. காரணம் எனக்கு விளங்குகிறது. முதலாளியின் அச்சம் வைப்புநிதியைப் பற்றியது இல்லை. "படியில் விழுந்துவிட்டால் நான் என்ன செய்வேன்? வாடிக்கையாளர் கோபித்தால் என்ன செய்வேன்? வேலை சரியில்லை என்றால் போகச் சொல்ல முடியுமா, பாவம் வந்து சேருமா?" இதுதான் அச்சம். இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல அருகில் ஓர் ஆள் வேண்டும். பணம் அந்த ஆளாக முடியாது.

சரி, நம் நாட்டில் இது நன்றாக நடந்த இடமே இல்லையா? இருக்கிறது. தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வேலூருக்கு வாருங்கள்.

பால் பிராண்ட் என்ற மருத்துவர். ஆங்கிலேயப் பெற்றோருக்கு 1914-இல் நம் கொல்லிமலையில் பிறந்தவர். 1946-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயால் நரம்பு செத்து, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் போன மனிதர்களைப் பார்த்தார். முன்கையில் நன்றாக இருந்த தசைநாரை இடம் மாற்றித் தைத்து அந்த விரல்களை விரிய வைத்தார். உலகமே வியந்த அறுவை. ஆனால் நோயாளிகள் சிலர் திரும்பி வந்தார்கள். என்ன சொன்னார்கள் தெரியுமா? கை மடங்கியிருந்தபோது பிச்சையாவது விழுந்தது. இப்போது கை நன்றாயிருப்பதால் அதுவும் போய்விட்டது. தொழுநோயாளி என்று தெரிந்ததால் வேலையும் யாரும் தரவில்லை.

யோசித்துப் பாருங்கள். மருத்துவம் வென்றுவிட்டது, மனிதன் பட்டினி கிடக்கிறான். அந்த மருத்துவர் அப்போது "என் வேலை முடிந்தது, மீதியை வேறு துறை பார்க்கட்டும்" என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நவஜீவ நிலையம் என்ற சிறிய குடியிருப்பைத் தொடங்கினார். அங்கே அறுவை முடிந்தவர்கள் தச்சு வேலை கற்றார்கள். உணர்ச்சியற்ற கையில் உளியைப் பிடித்தால் காயம் படும், படுவதும் தெரியாது. அதனால் கருவியின் பிடியை மாற்ற வேண்டும், வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் சோதிக்கப் பழக வேண்டும். மருத்துவரும் தச்சரும் ஒரே கொட்டகையில் நின்று இதைக் கண்டுபிடித்தார்கள். இதைத்தான் நான் கூட்டு முயற்சி என்கிறேன். ஒப்பந்தத் தாளில் இரண்டு கையெழுத்து விழுந்தால் அது கூட்டாகிவிடாது.

பக்கத்திலேயே காட்பாடி. 1963-இல் சுவீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் அங்கே தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக ஒரு தொழிற்பயிற்சி மையம் தொடங்கியது. பின்னால் அது ஒர்த் டிரஸ்ட் என்ற பெயரில் இந்திய அறக்கட்டளையானது. எல்லா வகை மாற்றுத்திறனாளிகளுக்கும் கதவைத் திறந்தது. வாகன உதிரிபாகங்கள் செய்தார்கள். அதோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து வாட்டர்டவுன் ஊரில் பெர்கின்ஸ் பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. அங்கே ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்து 1951-இல் வெளிவந்தது பெர்கின்ஸ் பிரெய்லர்: ஆறு புள்ளிக்கு ஆறு விசை, பார்வையற்றவர் எழுதும் தட்டச்சு இயந்திரம். அந்த இயந்திரத்தைக் காட்பாடியில் செய்கிறார்கள். மாற்றுத்திறனாளிகளின் கையால் செய்யப்பட்டு, பல நாட்டு மாற்றுத்திறனாளிகளின் கைக்குப் போகிறது.

இதில் எனக்குப் பிடித்தது எது தெரியுமா? அங்கே இரக்கத்துக்கு விலை இல்லை. விசையை அழுத்தினால் புள்ளி சரியாக விழ வேண்டும். விழாவிட்டால் இயந்திரம் திரும்பி வரும். வாங்குபவர் தரம் கேட்கிறார், செய்பவர் தரம் கொடுக்கிறார், வடிவமைத்தவர் தொழில்நுட்பம் கொடுக்கிறார், அறக்கட்டளை தொழிலாளியின் அருகில் நிற்கிறது. நாலு தரப்பு, நாலுக்கும் ஒன்றை ஒன்று விட்டால் பிழைப்பு இல்லை. கூட்டு நிலைத்ததற்கு அன்பு மட்டும் காரணமில்லை, தேவையும் காரணம். இதைச் சொன்னால் சில தொண்டர்களுக்குக் கசக்கும். கசக்கட்டும்.

வாட்டர்டவுன் என்றதும் இந்த மலைக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வந்திருக்கும். நியூயார்க் மாநிலத்திலும் ஒரு வாட்டர்டவுன் உண்டு. அங்கிருந்து 1983-இல் கிளம்பி, கொடைக்கானல் செயின்ட் மேரீஸ் சாலைக்கு வந்து சேர்ந்தது பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை. பின்னால் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. ஒரு வாட்டர்டவுனிலிருந்து காட்பாடிக்குப் பிரெய்ல் இயந்திரம். இன்னொரு வாட்டர்டவுனிலிருந்து இந்த மலைக்குப் பாதரசம்! 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய சாமான் கடையில் பாதரசம் படிந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டது, ஆலை மூடப்பட்டது. உடல்நலம் கெட்டுப்போனது என்றார்கள் தொழிலாளர்கள். ஆலையால் அப்படி நேரவில்லை என்றது நிறுவனம். 2016 மார்ச்சில்தான் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாடு ஏற்பட்டது. வாழ்வாதாரத்துக்கு உதவித்தொகை என்று எழுதிக்கொண்டார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிக்க நான் இங்கே வரவில்லை. ஒன்றை மட்டும் கேட்கிறேன். வேலைக்குப் போன மனிதன் நலம் கெட்டுத் திரும்பினால், அவனுக்கு அடுத்த வேலை என்ன என்று கேட்கப் பதினைந்து ஆண்டு ஆக வேண்டுமா? மாற்றுத்திறனாளிகள் என்றால் பிறவியிலேயே அப்படிப் பிறந்தவர்கள் என்று நினைக்காதீர்கள். தோட்டத்தில் மரம் வெட்டும்போது விழுந்தவரும், கொண்டை ஊசி வளைவில் லாரியோடு கவிழ்ந்தவரும் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள்.

இன்னொரு ஊருக்கும் ஒரு நிமிடம் போய் வருவோம். தென்காசிக்குப் பக்கம் ஆய்க்குடி. எஸ். ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வில் உடல்திறன் சோதனையின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல், உலக மாற்றுத்திறனாளிகள் ஆண்டாக அறிவிக்கப்பட்ட அதே ஆண்டில், அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தசைச்சிதைவு நோயோடு பட்டயக் கணக்காளரான எஸ். சங்கரராமன் பின்னர் சேர்ந்தார். ஒருவர் கனவு கண்டார், இன்னொருவர் கணக்குப் பார்த்தார். சங்கம் கட்டடத்துக்குள் உட்கார்ந்து ஆட்களை வரச் சொல்லாமல், பயிற்சி பெற்ற ஊர்ப் பெண்களைக் கிராமம் கிராமமாக வீட்டு வாசலுக்கு அனுப்பியது. அதுதான் நான் அங்கிருந்து மலைக்குக் கொண்டுவர விரும்புவது. கவுஞ்சியிலும் கிளாவரையிலும் இருப்பவரை அலுவலகத்துக்கு வரச் சொல்லாதீர்கள். நெடுங்காலம் சாலையே இல்லாதிருந்த வெள்ளகெவியில் இருப்பவரிடம் அந்தப் பேச்சையே எடுக்காதீர்கள்.

இப்போது என் கேள்விக்குத் திரும்புகிறேன். மறுநாள் பொறுப்பு யாருக்கு?

அமெரிக்காவில் 1980-களில் இந்தக் கேள்வியைக் கையிலெடுத்தார்கள். அதுவரை அங்கும் நம்மைப் போலத்தான். முதலில் பயிற்சி கொடு, தயாரானதும் வேலைக்கு அனுப்பு. மனவளர்ச்சி குன்றியவர்கள் பாதுகாக்கப்பட்ட பட்டறைகளில் ஆண்டுக்கணக்காகத் தயாராகிக்கொண்டே இருந்தார்கள். கடைசிவரை தயாராகவில்லை என்றே எழுதினார்கள். வர்ஜீனியாவில் பால் வேமன் முதலானவர்கள் இதைத் தலைகீழாக்கினார்கள். முதலில் உண்மையான வேலையில் அமர்த்து. பயிற்சியை அந்த வேலையிடத்திலேயே கொடு. கூடவே ஓர் ஆளை அனுப்பு. அவரை "ஜாப் கோச்" என்கிறார்கள். நான் வேலைத்துணை என்று சொல்லிக்கொள்கிறேன். வேலைத்துணை முதலில் அந்த வேலையைத் தானே கற்றுக்கொள்கிறார். போர்வை மடிப்பதா, கோப்பை கழுவுவதா, தானே செய்து பார்க்கிறார். எந்தப் படியில் சிக்கல் வரும் என்று குறித்துக்கொள்கிறார். பிறகு பக்கத்தில் நின்று கற்றுத் தருகிறார். முதல் வாரம் நாள் முழுக்க. பிறகு பாதி நாள். பிறகு வாரம் ஒரு முறை. பிறகு கூப்பிட்டால் வருகிறார். ஆனால் கூப்பிட்டால் கட்டாயம் வருகிறார்.

1990-களில் ராபர்ட் டிரேக்கும் டெபொரா பெக்கரும் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் கடும் மனநோய் உள்ளவர்களுக்கு இதையே செய்தார்கள். அங்கே ஒரு நல்ல விதி வைத்தார்கள். வேலை தேடித் தருபவர் தனி அலுவலகத்தில் உட்காரக் கூடாது. சிகிச்சைக் குழுவோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும். மாத்திரையை மாற்றியதால் காலையில் தூக்கம் வருகிறது, அதனால் பிந்திப் போகிறார், அதனால் வேலை போகப் போகிறது என்ற சங்கிலி, இருவரும் ஒரே மேசையில் இருந்தால்தான் கண்ணில் படும். முதலில் பயிற்சி, பிறகு வேலை என்ற பழைய முறையோடு ஒப்பிட்டுச் செய்த ஆய்வுகளில், இந்த முறையில்தான் அதிகம் பேர் வெளிச்சந்தை வேலைக்குப் போனார்கள். நம் பக்கத்து பெங்களூரில் 1999-இல் தொடங்கிய எனேபிள் இந்தியாவும் மாற்றுத்திறனாளியைத் தயார்ப்படுத்துவதோடு, வேலை கொடுப்பவரையும் தயார்ப்படுத்துவதைத் தன் தொழிலாகக் கொண்டது.

விடுதிக்காரர்கள் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களுக்காக ஒன்று. லெமன் ட்ரீ விடுதிக் குழுமம் 2007-இல் காது கேளாத இரண்டு பேரை வேலைக்கு எடுத்தது. அங்கே அவர்கள் செய்த புத்திசாலித்தனமான காரியம், கேட்கும் திறனுள்ள மற்ற ஊழியர்களுக்கும் சைகைமொழி கற்றுக்கொடுத்தது. குறையை ஒருவர் தலையில் கட்டாமல் எல்லோருக்கும் பங்கிட்டுவிட்டார்கள். பின்னர் அறை பராமரிப்பிலும் உணவகத்திலும் இப்படிப்பட்டவர்களை நூற்றுக்கணக்கில் சேர்த்தார்கள். நம் மன்னவனூர்ப் பெண்ணுக்கு நேர்ந்தது அங்கே நேர்ந்திருக்குமா?

இந்த மலையில் வேலைக்குப் பஞ்சமா, சொல்லுங்கள்! தங்கும் விடுதிகளில் துணி வெளுக்கும் இடம், அடுக்களை, வரவேற்பு மேசை. சாக்லேட் செய்யும் வீடுகள். ரொட்டிக் கடைகள். பள்ளிக்கூடச் சமையலறைகள். பிரையண்ட் பூங்காவில் நாற்று வளர்ப்பு. மே மாத மலர்க் கண்காட்சிக்கு எத்தனை ஆயிரம் தொட்டி நிரப்ப வேண்டியிருக்கிறது! தாண்டிக்குடிப் பக்கம் காப்பிக் கொட்டை தரம் பிரிக்கிறார்கள். உட்கார்ந்து கண்ணாலும் விரலாலும் செய்யும் வேலை. கால் நடக்காதவருக்கு அதில் என்ன தடை? புவிசார் குறியீடு வாங்கிய மலைப்பூண்டைத் தாள் நீக்கி, தரம் பிரித்துக் கட்ட ஆள் வேண்டும். கீழே இறங்கினால் ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தை. எடை எழுதுவதும் கணக்குப் பார்ப்பதும் அங்கே நாள் முழுக்க நடக்கிறது.

ஆனால் நாம் என்ன கொடுக்கிறோம்? தையல் இயந்திரம்! காது கேட்கவில்லையா, தையல் இயந்திரம். கால் இல்லையா, அதே தையல் இயந்திரம். "எனக்குத் தைக்கப் பிடிக்காது, சமைக்கத்தான் பிடிக்கும்" என்று ஒரு பெண் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறது. மற்ற பிள்ளைகளிடம் "உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கிறோமே, இவளிடம் மட்டும் ஏன் கேட்பதில்லை?

வேலை இருக்கிறது, வேலைக்குப் போகும் வழிதான் சிக்கல். மலையில் சக்கர நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், தெரியும். அரசு தரும் இணைப்புச் சக்கர ஸ்கூட்டர் சமவெளியில் சிறகு. மழைக்காலத்துச் சரிவில் அதை ஓட்டத் தனித் துணிச்சல் வேண்டும். பேருந்தைப் பாருங்கள். 2021-இல் நகரப் பேருந்தில் பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்தது. நல்ல திட்டம். ஆனால் மலையில் ஓடியவை நகரப் பேருந்து வகையில் வரவில்லை. ஆகவே திட்டம் மலையேறவில்லை. நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை மலைப்பகுதிகளுக்கும் மகளிர் விடியல் பயணத்தை விரிவாக்குவதாக 2024 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில்தான் அறிவித்தார்கள். போக்குவரத்துத் துறையும் நலத்துறையும் இந்த மலைக்காரர் ஒருவரை நடுவில் உட்கார வைத்து முதல் நாளே பேசியிருந்தால், அந்த இடைவெளி விழுந்திருக்குமா?

வளைந்து கொடுக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலையில், மாற்றுத்திறனாளி நான்கு மணி நேரம் வேலை செய்தாலே முழுக் கூலி என்று ஆணை வந்தது. தண்ணீர் கொடுப்பது, குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது என்று அவர்களுக்கேற்ற வேலையும் ஒதுக்கினார்கள். மண்வெட்டி வேலைக்கே இது முடிந்தது என்றால், விடுதி வேலைக்கு ஏன் முடியாது?

கூட்டாளிகள் என்று பட்டியல் போடும்போது எப்போதும் ஒருவரை விட்டுவிடுகிறோம். அம்மா. முகாமில் ஆணை வாங்கிய பிள்ளையை மறுநாள் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு செய்கிறவர் அவர்தான். அவருக்கும் அச்சங்கள் உண்டு. சம்பளம் வந்தால் மாத உதவித்தொகையை நிறுத்திவிடுவார்களோ? ஆறு மாதத்தில் வேலை போய்விட்டால் அந்தத் தொகையைத் திரும்ப வாங்க இன்னும் எத்தனை முறை திண்டுக்கல்லுக்கு அலைய வேண்டும்? இருட்டிய பிறகு கடைசிப் பேருந்தில் வரும் பெண்பிள்ளைக்கு யார் துணை? இவற்றை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. கணக்குத் தெரிந்த தாய் கேட்கும் கேள்விகள் இவை. எழுத்தில் பதில் கொடுங்கள். வாய்வார்த்தையாக "பார்த்துக்கலாம்மா" என்று சொன்னால் அவர் பிள்ளையை அனுப்ப மாட்டார். அனுப்பாதது சரிதான்.

இனி என்ன செய்யலாம்? பெரிய திட்டம் ஒன்றும் நான் கொண்டுவரவில்லை. உலக வங்கி 2022-இல் கடன் ஒப்புதல் தந்த "உரிமைகள்" திட்டத்தில், தமிழக அரசு "விழுதுகள்" என்ற பெயரில் ஒருங்கிணைந்த சேவை மையங்களைத் திறந்துவருகிறது. 2025 ஏப்ரலில் உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினராக நியமிக்கச் சட்டமன்றம் சட்டம் நிறைவேற்றியது. கிராம ஊராட்சி வரை அது வருகிறது. ஆக மேலே மையம், கீழே ஊராட்சியில் ஓர் ஆள். நடுவில் ஒருவர் வேண்டும். மலையிலேயே குடியிருப்பவர். சைகைமொழி தெரிந்தவர். மாதச் சம்பளம் வாங்குபவர். தொண்டாக வந்து போகிறவர் வேண்டாம், தொண்டர்கள் மழைக்காலத்தில் வருவதில்லை. அவர் கைப்பேசி எண் விடுதி மேலாளரிடமும் இருக்க வேண்டும், அம்மாவிடமும் இருக்க வேண்டும். ஓர் ஆண்டு முடிவில் அவரிடம் எத்தனை பேருக்கு ஆணை வாங்கிக் கொடுத்தீர்கள் என்று கேட்கக் கூடாது. எத்தனை பேர் இன்னும் வேலையில் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். சான்றிதழ் கொடுத்த மருத்துவமனையும் பயிற்சி கொடுத்த மையமும் வேலை கொடுத்த விடுதியும் அந்த ஒரே எண்ணிக்கையைத் தங்கள் எண்ணிக்கையாக ஏற்றுக்கொள்ள வேண்டும். அவர் சம்பளத்தில் ஒரு பங்கை விடுதிக்காரர்களே சேர்ந்து போடலாம் என்பது என் கருத்து. சீசனில் நீங்கள் வாங்கும் அறை வாடகை எனக்குத் தெரியும். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம்!

எப்போது தொடங்குவது? பலரும் சீசனுக்கு ஆள் தேவைப்படும்போது, ஏப்ரலில் எடுக்கிறார்கள். அதைவிட மோசமான மாதம் கிடையாது. வாசலில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, மேலாளர் கத்துகிறார், அறை பத்து நிமிடத்தில் தயாராக வேண்டும். அந்த நேரத்தில் புதிதாக வந்த யார்தான் தேறுவார்கள்? ஜூனில் எடுங்கள். கூட்டம் இறங்கிவிடும். அறைகள் காலியாக இருக்கும். வேலைத்துணை ஒரே படுக்கையை ஆறு முறை விரித்து மடித்துக் காட்டலாம். அவசரப்படுத்த யாரும் இல்லை. மேற்பார்வையாளருக்கும் சாயங்காலம் அரை மணி நேரம் சைகைமொழி படிக்க நேரம் கிடைக்கும். செப்டம்பரில் சின்ன சீசன் வரும்போது ஒரு சோதனை நடந்துவிடும். எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்து, மழைக்காலத்தில் அதைச் சரிசெய்துகொள்ளலாம். அடுத்த ஏப்ரலில் உங்கள் விடுதியில் பத்து மாத அனுபவமுள்ள ஊழியர் இருப்பார்.

வெளியே மேசையில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். ஜூனில் ஓரிடம் கொடுக்க முடிந்தவர்கள் விடுதியின் பெயரையும், என்ன வேலை என்பதையும், மேற்பார்வையாளரின் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள். முதலாளி பெயரை எழுத வேண்டாம். மறுநாள் காலையில் பக்கத்தில் நிற்கப் போவது மேற்பார்வையாளர்தான்.